வெப்மாஸ்டர் முதல் ஃபுல் ஸ்டாக் வரை: வலைத்தள உருவாக்கத்தில் வேலைப் பிரிவினையின் வரலாறு

வலைத்தள உருவாக்கத்துக்குள் நுழைகிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: ஒரு பிரிவில் ஆழம் காண்பதா, எல்லாவற்றிலும் கைவைக்கப் பழகுவதா? இதை ஆளின் மனப்போக்கு சார்ந்த விஷயமாகவே பெரும்பாலும் பேசுகிறார்கள். கடந்த 35 ஆண்டுகளின் வரலாறு வேறொரு விடையைத் தருகிறது. வேலையின் கடினம் எங்கே குவிந்ததோ அங்கே நிபுணர் உருவானார். அந்தக் கடினத்தை வேறொருவர் சுமக்க முன்வந்தபோதெல்லாம் பல்துறையாளர் திரும்பி வந்தார். இந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர்வதும், இரண்டாவது வருகையின்போது எது விடுபட்டது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1990இன் இறுதியில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில், டிம் பெர்னர்ஸ் லீ உலாவி, சர்வர், பக்கம் எழுதும் மொழி மூன்றையும் தாமே உருவாக்கினார். அவருடைய உலாவியிலேயே பக்கத்தைத் திருத்தவும் முடிந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளைப் பொதுவுக்கு விட்டது. அதே ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்திலிருந்து மொசைக் உலாவியும், சர்வரில் நிரல் ஓட வழிசெய்த சி.ஜி.ஐ. முறையும் வந்தன. இவற்றை நம்பி எழுந்த தளங்கள் பலவற்றுக்கு வெப்மாஸ்டர் என்ற ஓர் ஆள் போதும். யூனிக்ஸ் சர்வரை நிறுவுவார், படிவங்களுக்குப் பெர்ல் மொழியில் நிரல் எழுதுவார், படங்களைச் சுருக்குவார், வாசகர் மின்னஞ்சலுக்கும் பதில் போடுவார். இதற்கு மேதைமை தேவைப்படவில்லை. தொடக்க கால எச்.டி.எம்.எல். மொழியின் குறிகள் இருபதுக்கும் குறைவு. துறை முழுவதும் ஒருவர் தலைக்குள் அடங்கியது.

தமிழ்த் தளங்களின் வெப்மாஸ்டருக்கு இன்னொரு பாரமும் இருந்தது. யூனிகோட் பரவும் முன் டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் பலவாகப் பிரிந்து கிடந்தன. அவற்றில் எதிலும் சேராத சொந்த எழுத்துருக்களைப் பத்திரிகைத் தளங்கள் வைத்திருந்தன. எழுத்துருவை வாசகர் கணினியில் இறக்கச் செய்வதும், கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று எழுதுகிறவருக்கு விளக்குவதும் அவர் பொறுப்பே. அந்த உழைப்பின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது.

பிளவு தொடங்கியது 1994இன் இறுதியிலிருந்து. அந்த ஆண்டு அக்டோபரில் ஹோக்கன் வியும் லீ, பக்கத்தின் தோற்றத்தைத் தனியே எழுதும் சி.எஸ்.எஸ். முறையை முன்மொழிந்தார். 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். ஜூனில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தமது பி.எச்.பி. கருவிகளை வெளியிட்டார். மொழிகள் பெருகியது மட்டும் பிளவுக்குக் காரணமாகிவிடாது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் போட்டியில் இறங்கியதால் ஒரே பக்கம் இரண்டு உலாவிகளில் இரண்டு விதமாகத் தெரிந்தது. விண்டோஸுக்கான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, ஒரு பெட்டியின் அகலத்தையே சி.எஸ்.எஸ். விதிக்கு மாறாகக் கணக்கிட்டது. எந்த உலாவி எங்கே இடறும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்களே, உலாவியில் இயங்கும் பகுதியான ஃபிரன்ட் எண்டின் முதல் நிபுணர்கள். நிறுவனங்கள் அவர்களை அப்படி மதிக்கவில்லை. ஃபோட்டோஷாப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பக்கமாக ஒட்டுகிறவர் என்ற அளவில்தான் வைத்திருந்தன. 1998இல் எழுந்த வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் இயக்கம் உலாவி நிறுவனங்களைப் பொது விதிகளுக்கு இணங்க வற்புறுத்தியது. 2003இல் டேவ் ஷே நிறுவிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன், ஒரே எச்.டி.எம்.எல். பக்கத்துக்குப் பலர் முற்றிலும் வேறுவேறு தோற்றம் தர முடியும் என்று காட்டியது. இந்த வரலாற்றில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. தோற்றம் எழுதுவது தனிக் கலை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அன்று இருந்ததில்லை.

மதிப்பு வந்தது ஜாவாஸ்கிரிப்ட் வழியாக. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் பக்கத்தை மறுபடி ஏற்றாமலே இயங்கிக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அந்த உத்திக்கு அஜாக்ஸ் என்று பெயரிட்டார். யாஹூவில் பணியாற்றிய ஸ்டீவ் சௌடர்ஸ், பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் ஃபிரன்ட் எண்டில்தான் கழிகிறது என்று 2007இல் எழுதினார். சர்வர் பக்கத்தையே வேகத்தின் ஊற்றாகக் கருதிய மேலாளர்களுக்கு அந்த விகிதம் வேறொரு கணக்கைக் காட்டியது. ஃபிரன்ட் எண்ட் இன்ஜினியர் என்ற பதவி நிலைபெற்றது.

அதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருந்தது. 2004இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ், டேட்டாபேஸ் முதல் பக்கம் வரை ஒருவரே ஒரே மரபில் எழுத வழி தந்தது. 2006இல் அமேசான் எஸ்3, இ.சி.2 சேவைகளைத் திறந்ததும் சர்வர் வாங்கி அறையில் அடுக்கும் வேலை பலருக்குத் தேவையற்றதாகத் தொடங்கியது. 2009 ஜூனில் ஃப்ளிக்கர் பொறியாளர்கள் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும், நாளொன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை தளத்தைப் புதுப்பிப்பதை ஒரு மாநாட்டில் விவரித்தார்கள். எழுதுகிறவருக்கும் இயக்குகிறவருக்கும் இடையிலிருந்த சுவர் இடியத் தொடங்கியது. அவ்வாண்டே ரயன் டால் வெளியிட்ட நோட் ஜேஎஸ், உலாவியின் மொழியைச் சர்வருக்கும் கொண்டுபோனது. 2010இல் ஃபேஸ்புக்கின் கார்லோஸ் புவேனோ ஃபுல் ஸ்டாக் (ஒரு தளத்தின் எல்லா அடுக்குகளும்) பற்றி எழுதியபோது, அடுக்குகளுக்கிடையே நடப்பதைப் புரிந்துகொள்ளும் திறனையே முன்வைத்தார். வேலைச் சந்தையின் கைக்குப் போனதும் சொல் சுருங்கிவிட்டது. 2012 முதல் அமெரிக்காவில் பூட்கேம்ப்கள் சில வாரப் பயிற்சியில் ஃபுல் ஸ்டாக் ஆக்குவதாகச் சொல்லின. இன்று சென்னைப் பயிற்சி நிலையங்களில் ஜாவா ஃபுல் ஸ்டாக், மெர்ன் ஸ்டாக் என்பவை பாடத்திட்டத்தின் பெயர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். 1993இன் வெப்மாஸ்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிய வேண்டியது குறைவு என்பதால். 2013இன் ஃபுல் ஸ்டாக் பணியாளரால் எல்லாவற்றையும் செய்ய முடிந்தது, கடினமானதை வேறு சிலர் ஏற்கெனவே செய்து வைத்திருந்ததால். டேட்டாபேஸ் நிபுணரும் நெட்வொர்க் நிபுணரும் காணாமல் போய்விடவில்லை. அமேசான் போன்ற கிளவுட் நிறுவனங்களுக்குள்ளும், ரியாக்ட் போன்ற நிரல்தொகுப்புகளை உருவாக்கும் குழுக்களுக்குள்ளும் குடிபெயர்ந்தார்கள். பல்துறைமை பெருகப் பெருக நிபுணத்துவம் சில நிறுவனங்களில் திரண்டது. இரண்டையும் எதிரெதிர்ப் பாதைகளாக நிறுத்தும் வேலைவாய்ப்பு அறிவுரைகள் இந்தச் சார்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லா நிபுணத்துவத்துக்கும் இப்படிக் குடிபுக இடம் கிடைக்கவில்லை. 2013இல் ரியாக்ட் வந்தபின் ஃபிரன்ட் எண்ட் என்ற பெயருக்குள்ளேயே இரண்டு தொழில்கள் தோன்றின. 2019 ஜனவரியில் கிறிஸ் காய்யர் இதைப் பெரும்பிளவு என்றே எழுதினார்: ஒரு பக்கம் ஜாவாஸ்கிரிப்டைச் சுற்றி இயங்குகிறவர்கள், மறுபக்கம் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிவது) ஆகியவற்றில் தேர்ந்தவர்கள். ஒரே விளம்பரத்தைப் பார்த்து இருவரும் விண்ணப்பித்தார்கள். நேர்காணல் கேள்விகளோ முதலாமவருக்கே பொருந்தின. நிரலாக்கம் போலத் தோன்றுவதற்கே சம்பளம் என்ற வழக்கம் வெட்டி ஒட்டும் காலத்திலிருந்தே வருவது. இரண்டாமவரின் திறன் மதிப்பிழந்ததைச் சிறிய இழப்பாக என்னால் கருத முடியவில்லை.

விளைவை அளந்திருக்கிறார்கள். வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதித்துவருகிறது. 2019இல் 97.8 சதவீதப் பக்கங்களிலும், 2024இல் 95.9 சதவீதப் பக்கங்களிலும் அணுகல் நெறிகளுக்கு மாறான பிழைகள் கண்டறியப்பட்டன. எழுத்து பின்னணியில் கரைந்துபோவது, படத்துக்கு மாற்று உரை இல்லாதது, படிவப் பெட்டி எதற்கென்று குறிப்பிடாதது ஆகியவை அவற்றில் முன்னிற்பவை. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் துணையுடன் விண்ணப்பம் நிரப்ப உட்காரும்போது, கடைசி இரண்டும் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. மூன்றையும் பற்றிய அறிவுரைகள் 1999 மே மாதம் வெளியான முதல் அணுகல் நெறிமுறைத் தொகுப்பிலேயே உள்ளன. திருத்தப் புதிய கருவி எதுவும் வேண்டாம். 2021 முதல் வந்துள்ள நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுவெளியில் கிடைக்கும் நிரல்களைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டவை. இந்தப் பழைய பிழைகளும் அவற்றுக்குள் சேர்ந்தே வருகின்றன. அவை தரும் பக்கத்தை வரி வரியாகப் படித்து எது குறைகிறது என்று சொல்ல, 2003இல் சி.எஸ்.எஸ். ஜென் கார்டனுக்குத் தோற்றம் வடிவமைத்தவர்களைப் போன்ற ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் தேவைப்படுகிறார். அவருக்கான பதவி பெரும்பாலான நிறுவனங்களில் இன்னும் உருவாகவில்லை.