டிக்கி வச்ச காரா, சின்னக் காரா? ஒரு செகண்ட் ஹேண்ட் வரலாறு

ரெண்டு மாசமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். கார்.

ஃபேர்லேண்ட்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில், சாரதா கல்லூரி ரோட்டை ஒட்டிய பகுதி. ஆஸ்பத்திரிகள், டாக்டர்கள் வீடுகள், பெரிய கேட், கேட்டுக்குள் நீளமான கார். ஃபேர்லேண்ட்ஸ் என்றதும் எங்களையும் அப்படி நினைத்துவிடாதீர்கள். நாங்கள் இருப்பது ஒரு மாடி போர்ஷனில், வாடகைக்கு. அப்பா ஒரு சேகோ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறார். இருபத்திரண்டு வருஷம் டூவீலர் ஓட்டியவர், இப்போதுதான் மூன்றரை லட்சம் சேர்த்து, "ஒரு செகண்ட்ஸ் கார் பாக்கலாமா?" என்று ஆரம்பித்தார்.

கார் வியாபாரி ரெண்டு வண்டி காட்டினார். ஒன்று டிக்கி இல்லாத சின்னக் கார், அதாவது ஹேட்ச்பேக். இன்னொன்று டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் செடான். செடான் ரெண்டு வருஷம்தான் கூடுதல் பழசு. ஆனால் விலை சின்னக் காரை விடப் பத்தாயிரம் குறைவு!

"டாக்டர் வண்டிங்க சார், சிங்கிள் ஓனர், போர்டிகோவை விட்டு அதிகம் இறங்கல" என்றார் வியாபாரி. அப்பா அந்தச் செடானைச் சுற்றிச் சுற்றி வந்தார். புதுசில் சின்னக் காரை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விலைக்குப் போன வண்டி, பழசானதும் ஏன் அதை விடக் குறைவாக வந்து நிற்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

கேள்வியே இல்லாத காலம்

1980-க்கு முன்னால் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. கிராமங்களில் காருக்குப் பெயர் பிளசர். பிளசர் என்றால் டிக்கி இருக்கும், அவ்வளவுதான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர் 1958-ல் சந்தைக்கு வந்தது. பம்பாயில் ஃபியட் வந்தது, அதுவே பிறகு பத்மினி ஆனது. நம்ம சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு செய்தது. மூன்றுக்கும் டிக்கி உண்டு.

அது லைசென்ஸ் காலம். எந்தக் கம்பெனி எத்தனை கார் செய்யலாம் என்று அரசாங்கம் சொல்லும். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. நல்ல நிலையில் இருக்கும் பழைய கார், கம்பெனி போட்ட புது விலையை விட அதிகமாகவே கைமாறும். காத்திருக்கத் தேவையில்லை என்பதற்குக் கொடுக்கும் காசு அது. பழசானால் விலை இறங்கும் என்பது இயற்கை விதி மாதிரி நமக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லை. ஒரு பொருள் கிடைக்குமா, அதைப் பழுது பார்க்க முடியுமா என்பதுதான் விலையை முடிவு செய்கிறது. இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் தேவைப்படும்.

டிக்கி போனது

1983 டிசம்பர் 14. டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை சுமார் 50 ஆயிரம் ரூபாய். எஞ்சின் 796 சிசி, மூன்றே சிலிண்டர். நீளம் 3.3 மீட்டர் சொச்சம். அம்பாசிடரை விட ஒரு மீட்டர் குட்டை! அந்த ஒரு மீட்டரில் போனது பெரும்பாலும் டிக்கிதான்.

இந்தியாவின் முதல் சின்னக் கார் மாருதி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1982-ல், பெங்களூர் சிப்பானி கம்பெனி டால்ஃபின் என்ற ரெண்டு கதவுக் காரைக் கொண்டு வந்தது. பாடி ஃபைபரில் செய்தது. இங்கிலாந்து ரிலையன்ட் கிட்டனின் நகல். அது எடுபடவில்லை. ஊருக்கு ஊர் சர்வீஸ் வைத்துத் தாங்கும் அளவுக்குக் கம்பெனி பெரிசில்லை.

இன்னொரு தகவல் அதை விட வேடிக்கை. தமிழ்நாட்டில் செய்த முதல் பெரிய ஹேட்ச்பேக் ஒரு ஏழையின் கார் இல்லை, பணக்காரர் கார்! 1985-ல் அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரை "ஸ்டாண்டர்ட் 2000" என்ற பெயரில் இறக்கியது. பின்பக்கம் கண்ணாடியோடு சேர்த்து மேலே திறக்கும் கதவு. பார்க்க ராஜா மாதிரி. ஆனால் உள்ளே இருந்தது பழைய காலத்து 2 லிட்டர் எஞ்சின். பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. மூன்றே வருஷத்தில், 1988-ல், எல்லாம் முடிந்துவிட்டது.

பாருங்கள், இங்கே ரெண்டும் ஹேட்ச்பேக், ரெண்டும் தோற்றது. மாருதி மட்டும் ஜெயித்தது. அப்படியானால் ஜெயித்தது வடிவமா? இல்லை. குறைந்த பெட்ரோல், மலிவான பாகம், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக். 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றபோது, அதை ரிப்பேர் செய்யத் தெரியாத மெக்கானிக் நம்ம ஊரில் யாரும் இல்லை என்றே சொல்லலாம்.

டிக்கி திரும்பி வந்தது

1991-க்குப் பிறகு கதவு திறந்தது. அதற்கு முன்பே, 1990-ல், மாருதி 1000 வந்துவிட்டது. 1994-ல் அது எஸ்டீம் ஆனது. 1995-ல் டேவூ சீலோ. 1996-ல் ஓபல் ஆஸ்ட்ரா, ஃபோர்டு எஸ்கார்ட். 1998-ல் ஹோண்டா சிட்டி, நம்ம திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சர். 1999-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட், மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான். வெளிநாட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் செடானோடுதான் வந்தன. காசு இருக்கிறவன் டிக்கியைத்தான் கேட்பான் என்ற நம்பிக்கை.

அதில் தப்பில்லை, புதுக் கார் வாங்குகிறவன் அதைத்தான் கேட்டான். ஆனால் பத்து வருஷம் கழித்து அதே காரை வாங்கப் போகிறவன் வேறு ஆள். அவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கொரியாவில் டேவூ குழுமம் 1999-ல் கடனில் மூழ்கியது. 2000-களின் ஆரம்பத்தில் இந்தியாவிலும் அதன் தொழிற்சாலை நின்றது. ஓபல் பெயரும் சில வருஷங்களில் இங்கிருந்து மறைந்தது. கம்பெனி போனதும் அந்தக் கார்களின் செகண்ட் ஹேண்ட் விலை சரிந்தது. சீலோ செடான் என்பதால் சரிந்தது என்று நினைக்காதீர்கள். அதே டேவூவின் மாட்டிஸ் ஒரு குட்டி ஹேட்ச்பேக், நல்ல வண்டி. அதுவும் கூடவே சரிந்தது. மறுபக்கம் எஸ்டீமும் ஆக்சென்டும் டிக்கி வைத்த செடான்கள்தான். பின்னால் கம்பெனி நின்றதால் பழைய கார் சந்தையில் தாக்குப் பிடித்தன.

1998-இல் வந்த ரெண்டு சின்னக் கார்களையும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் சான்ட்ரோ, டிசம்பரில் டாடா இண்டிகா. இண்டிகாவில் டீசலும் உண்டு, அதனால் கால் டாக்ஸிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து பழைய கார் வாங்குகிறவன் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடியது. "இது மஞ்சள் போர்டுல ஓடின வண்டிங்களா?"

நாலு மீட்டர் சட்டம்

2006 பட்ஜெட். நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கு எக்சைஸ் வரியை 24-இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1200 சிசி, டீசல் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? டிக்கியைக் கத்தரித்தார்கள் :-) 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் 4 மீட்டருக்குள் வந்தது. 2012-ல் மாருதியும் டிசையரைக் குறுக்கி 3.995 மீட்டரில் நிறுத்தியது. சட்டத்துக்கு அரை சென்டிமீட்டர் மிச்சம்! இப்படிப் பிறந்ததுதான் நாம் ரோட்டில் பார்க்கும் குட்டை டிக்கி செடான். பாதி ஹேட்ச்பேக்கின் கணக்கு, பாதி செடானின் கௌரவம். 2018-ல் டிசையர் ஆல்டோவையே தாண்டி நாட்டில் அதிகம் விற்ற கார் ஆனது.

அந்த 4 மீட்டர் கோடு இன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இந்தக் கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. கோட்டுக்குள் இருக்கும் புதுக் கார் விலை இறங்கினால், அதே மாடல் பழைய காரின் விலையும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்தச் செடான் ஏன் மலிவு?

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் ஒரு அட்டவணை உண்டு. முதல் வருஷத்துக்குள் 15 சதவீதம், ரெண்டாம் வருஷம் 20, மூன்றாம் வருஷம் 30, நாலில் 40, ஐந்தில் 50 என்று காரின் மதிப்பைக் கழிப்பார்கள். எந்தக் காருக்கும் ஒரே அட்டவணைதான். 12 லட்சம் செடானில் 6 லட்சம் போகும், 6 லட்சம் ஹேட்ச்பேக்கில் 3 லட்சம் போகும். இதன்படி பார்த்தாலும் ஐந்து வருஷம் கழித்து செடான் ரெண்டு மடங்கு விலையில் இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் சந்தை அந்த அட்டவணையைப் படிப்பதில்லை.

ஏனென்றால் காரின் விலைதான் பழசாகிறது, அதன் செலவு பழசாவதில்லை. 12 லட்சம் காரின் பம்பரும் சஸ்பென்ஷனும் ஏசி கம்ப்ரஸரும் கடைசி வரைக்கும் 12 லட்சம் காரின் விலையில்தான் வரும். முதல் ஓனர் கௌரவத்தை அனுபவித்துவிட்டு, பில்லை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அதோடு, மூன்றரை லட்சம் வைத்திருப்பவர்கள் எங்கள் அப்பா மாதிரி நூறு பேர் என்றால், அந்த நூறு பேரும் சின்னக் காரைக் கேட்கிறார்கள். அந்தச் செடானை அதே செலவோடு வைத்துக்கொள்ளக் கூடியவர் ஷோரூமில் புதுசு வாங்கப் போய்விடுவார். கேட்க ஆளில்லாததால்தான் அது மலிவு.

எங்கள் சித்தப்பா இதைப் பாடமாகவே படித்தார். கம்பெனி பேர் வேண்டாம், மூடிப் போன ஒன்று. மலிவாக வருகிறது என்று வாங்கினார். ஒரு பாகத்துக்காக வண்டி ஐந்து மாசம் பட்டறையில் நின்றது. கடைசியில் எடைக்குப் போட்ட விலைக்குக் கொஞ்சம் மேலே விற்றார். அந்த ஐந்து மாசமும் கார் லோன் தவணை மட்டும் நிற்கவில்லை.

இந்தக் கணக்கு எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதுசில்லை. நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் ஊர், திருச்செங்கோடு போர்வெல் வண்டி ஊர். லாரிக்காரர் வண்டி வாங்கும் அன்றைக்கே "இதை வித்தா என்ன போகும்?" என்று கேட்டுவிடுவார். காருக்கு வரும்போது மட்டும் நமக்கு அந்தப் புத்தி கொஞ்சம் மங்கிவிடுகிறது.

முடிவு

நாலு ரோட்டில் இருக்கும் எங்கள் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனோம். அவர் செடானின் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டார். "அண்ணா, வண்டி நல்ல வண்டி. வாங்கிப்போடலாம். வருசம் அம்பதாயிரம் தனியா எடுத்து வெப்பீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "எங்க கல்யாணத்துக்கு ஒரு வெள்ளை அம்பாசிடர் வாடகைக்கு எடுத்தோம்டா. டிக்கியில சீர் சாமான் எல்லாம் வெச்சு, கயிறு போட்டுக் கட்டிக்கிட்டுப் போனோம். கார்னா எனக்கு அதுதான்." அவர் அந்தச் செடானைச் சுற்றிச் சுற்றி வந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் சின்னக் காரையே வாங்கினோம். ஃபார்ம் 29, 30 கையெழுத்து, ஆர்.சி. மாற்றம், இன்ஷூரன்ஸ் மாற்றம் எல்லாம் முடித்தாயிற்று. எங்கள் சந்தில் திருப்பினால் திரும்புகிறது, பக்கத்து வீட்டு கேட்டை மறைக்காமல் நிற்கிறது.

பழைய கார் வாங்குகிறவர்கள் சின்னக் காரைத் தேடுவது டிக்கி பிடிக்காததால் இல்லை. அறுபது வருஷ வரலாற்றில் அவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது எது என்று தெரிந்துகொண்டதால். நீங்களும் வாங்கப் போனால் ஹேட்ச்பேக்கா செடானா என்று முதலில் கேட்காதீர்கள். கம்பெனி இருக்கிறதா, பாகம் கிடைக்கிறதா, நம்மிடமிருந்து வாங்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால், டிக்கி உங்கள் இஷ்டம்.

அம்மாயி மட்டும் ஊரிலிருந்து வந்து, காரின் பின்கதவைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏங்கண்ணு, மீதி காரு எங்க?"