டிரைவிங் ஸ்கூலில் சேரப் போறீங்களா? பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

‘லைசென்ஸோட சேர்த்து மொத்தம் இவ்வளவு’ என்று பேக்கேஜ் சொல்லாத டிரைவிங் ஸ்கூலே இல்லை. சேரப் போகிறவர்களும் ‘எவ்வளவு ஆகும்?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: ஸ்டீயரிங் என் கையில் எத்தனை மணி நேரம் இருக்கும்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, சொந்த உபயோக கார் ஓட்டக் கற்பவருக்கு 21 நாட்களுக்குக் குறையாமல் பயிற்சி தர வேண்டும். அதில் குறைந்தது 10 மணி நேரம் அவரே வண்டி ஓட்டியிருக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் முழுசா உங்களுக்கே கிடைச்சா, 21 நாளில் பத்தரை மணி நேரம் வந்துவிடும். அதுவே ஒரு மணி நேர கிளாஸில் மூணு பேரை ஏத்தினா? ஆளுக்கு 20 நிமிஷம், மொத்தமே 7 மணி நேரம்தான். பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது கணக்கில் சேராது.

கால் யாருடையது?

பயிற்சி காரில் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்திலும் பெடல் இருக்கும். பாதுகாப்புக்காக விதியே சொல்லும் ஏற்பாடு இது. சிக்கல் என்னன்னா, கிளட்ச்சை அவரே மிதிச்சு சமாளிச்சுட்டா, வண்டி ஆஃப் ஆகாது. நமக்கு ஓட்ட வந்துடுச்சுன்னு தோணும். சொந்த காரை மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இரண்டாவது வாரத்திலேயே ‘சார், நீங்க காலை எடுத்துடுங்க’ என்று கேட்டுவிடுவது நல்லது. டிராஃபிக் உள்ள ரோடு, மேடு, ரிவர்ஸ் மூன்றையும் கேட்டு வாங்கிப் பழகுங்க.

டெஸ்ட்டில் என்ன பார்ப்பாங்க?

எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்துதான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர்தான் டெஸ்ட் எடுப்பார். டூவீலர் என்றால் எட்டு போடணும், கால் ஊன்றக் கூடாது. காரில் ஏறியதும் கண்ணாடியைச் சரிசெய்வது, இண்டிகேட்டர், கை சிக்னல், குறுகிய இடத்தில் ரிவர்ஸ், பார்க்கிங் எல்லாமே விதியில் உள்ளவை. பதற்றத்தில் பலர் மறப்பது கண்ணாடியையும் இண்டிகேட்டரையும்தான்.

ஸ்கூல் கார்தான் வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, சொந்த காரையும் கொண்டு போகலாம். ‘எல்’ போர்டும், பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவரும் அவசியம்.

மத்திய விதிப்படி ஒரு வகை வாகனத்துக்கு டெஸ்ட் கட்டணம் 300 ரூபாய், லைசென்ஸுக்கு 200 ரூபாய். இதர சேவைக் கட்டணம் தனி. பேக்கேஜ் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க.

ஃபெயில் ஆனால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்கணும்.