விமானி குடித்திருந்தால் யார் சொல்வது?

2018 ஒக்டோபர் 28 ஆம் திகதி மாலை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானப் பணியாளர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸின் சாரதிக்கு, ஜப்பான் எயார்லைன்ஸ் துணை விமானி ஒருவரிடமிருந்து மதுவாடை வீசியது. சாரதி அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை, அதிகாரிகளிடம் சொன்னார். பொலிஸார் வந்து சோதித்தபோது, அந்த விமானியின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 189 மில்லிகிராம் மது இருந்தது. பிரித்தானியச் சட்டம் விமானிக்கு அனுமதிப்பது 20 மில்லிகிராம் மட்டுமே. டோக்கியோ செல்லவிருந்த விமானம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்து, மூன்று விமானிகளுக்குப் பதிலாக இருவருடன் புறப்பட்டது. சுமார் ஒரு மாதத்தில் அந்தத் துணை விமானிக்கு 10 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தை உயர்தர வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “அவரோட வந்த மத்த பைலட்மாருக்கு மணக்கலையா சேர்? அவங்க ஏன் சொல்லல்ல?”

அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

மது ஹராம் என்று வாழும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். உம்ராவுக்கும், வளைகுடா வேலைக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் என்று நம் வீடுகளிலிருந்து விமானம் ஏறாதவர்கள் இன்று குறைவு. விமானி அறையின் கதவு மூடப்பட்ட பிறகு நம் உயிர் உள்ளே இருக்கும் இருவரிடம் அமானிதமாக இருக்கிறது. அவர்கள் எந்த மதத்தவர் என்பது அப்போது ஒரு பொருட்டல்ல, என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பதே முக்கியம்.

நீண்ட தூரம் பறக்கும் விமானி அன்றே வீடு திரும்புவதில்லை. போய் இறங்கிய ஊரில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஹோட்டலில் தங்கி, அடுத்த விமானத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். இந்தத் தங்கலை விமானத்துறையினர் ‘லேஓவர்’ என்பார்கள். ஓய்வெடுப்பதற்காகத்தான் அது கொடுக்கப்படுகிறது. ஆனால் உடலின் கடிகாரம் ஓர் ஊரிலும் சுவரிலுள்ள கடிகாரம் இன்னோர் ஊரிலும் இருக்கும்போது தூக்கம் வராது. அறையில் தனிமை, குடும்பம் தூரத்தில், பக்கத்து அறையில் கூட வேலை செய்பவர்கள். ‘ஒன்று போட்டால் தூங்கலாம்’ என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. மது தூக்கத்தை விரைவாக வரவழைக்கும் என்பது உண்மை. இரவின் பின்பாதியில் அதே தூக்கத்தை அது கலைத்துவிடும் என்பதும் உண்மை. தூங்குவதற்காகக் குடித்தவர் களைப்புடன் எழும்புகிறார்.

இனிக் கொஞ்சம் கணக்கு. ஆரோக்கியமான ஒருவரின் உடல் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 15 மில்லிகிராம் வரைதான் 100 மில்லிலீற்றர் இரத்தத்திலிருந்து மதுவை அகற்றும். கோப்பி குடித்தாலும், குளிர்நீரில் குளித்தாலும் இந்த வேகம் கூடாது. நள்ளிரவில் ஒருவருக்கு 150 இருந்தால், எட்டு மணித்தியாலம் கழித்து, வேகமாக அகற்றும் உடலிலும் 30 மிஞ்சியிருக்கும். அமெரிக்காவின் விதி, குடித்து எட்டு மணித்தியாலத்துக்குள் பறக்கக்கூடாது என்பதும், அளவு 40 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பதும். அப்படியானால் அந்த நபர் அமெரிக்காவில் விதிக்கு உட்பட்டவர், லண்டனில் குற்றவாளி. இந்தியா 12 மணித்தியாலம் என்று வைத்து, மூச்சுச் சோதனையில் மது சிறிதும் காட்டக்கூடாது என்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொன்னால், நமது நாட்டில் வாகனச் சாரதிக்கான எல்லை 80 மில்லிகிராம்.

எல்லைக்குக் கீழே வந்துவிட்டால் மனிதன் சரியாகிவிட்டான் என்றும் சொல்ல முடியாது. 1986 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கடற்படை விமானிகள் பத்துப் பேருக்கு மது கொடுத்து, 14 மணித்தியாலம் கழித்து, பறப்பதைப் போலவே அமைந்த பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்தார்கள். அவர்கள் மது அருந்தாத நாளில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். காதின் உட்பகுதியில் சமநிலையை உணரும் உறுப்பு இருக்கிறது. மது அதற்குள் ஊறி நுழையவும் நேரம் எடுக்கும், வெளியேறவும் நேரம் எடுக்கும். இரத்தத்தில் மது தீர்ந்த பிறகும் பல மணித்தியாலங்களுக்குத் தலையை அசைத்தால் உலகம் அசைவது போலிருக்கும். வீதியில் போகிறவருக்கு அது தலைச்சுற்று. முகிலுக்குள், வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தைத் திருப்புகிறவருக்கு எது மேல், எது கீழ் என்ற கேள்வியாகிவிடும்.

நமது ஸ்ரீலங்கன் விமான சேவையும் இதற்கு விலக்கல்ல. 2016 ஒகஸ்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிலிருந்து கொழும்புக்கு வரவிருந்த விமானத்தின் விமானி மூச்சுச் சோதனையில் தோற்றார். விமானம் சுமார் 15 மணித்தியாலம் தாமதமாகியது. அந்நேரம் நம்மவர்கள் இதைக் கேலிச்சித்திரமாகவும் பகிடியாகவும் பகிர்ந்துகொண்டது எனக்கு நினைவிருக்கிறது. தாமதம் என்று திட்டினோம். அந்தத் தாமதம்தான் அன்று பயணிகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அதற்கான பதில் 1977 ஜனவரி 13 இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இருக்கிறது. அங்கிருந்து டோக்கியோவுக்கு உயிருள்ள மாடுகளை ஏற்றிக்கொண்டு ஜப்பான் எயார்லைன்ஸின் டிசி-8 சரக்கு விமானம் புறப்படத் தயாரானது. கப்டன் 53 வயது அமெரிக்கர். துணை விமானியும் பொறியியலாளரும் அவரைவிட மிகவும் இளைய ஜப்பானியர்கள். கப்டனை விமான நிலையத்தில் இறக்கிவிட்ட டெக்சி சாரதி, அவருடைய முகம் சிவந்திருந்ததையும் பேச்சுக் குழறியதையும், இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் கவனித்தார். தன் அலுவலகத்துக்குச் சொன்னார். அலுவலகம் விமானப் பராமரிப்பை ஒப்பந்தத்தில் செய்யும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னது. ஏதாவது பிழை இருந்தால் விமான சேவையே கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கும்தானே என்று அங்கே இருந்தவர்கள் எண்ணினார்கள். செய்தி அதற்குமேல் நகரவில்லை.

விமானி அறையில் இருந்த இருவரும் கப்டனைத் தடுக்கவில்லை. விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுபோகும்போதே கப்டன் எந்த ஓடுபாதை என்று தடுமாறினார். அப்போதும் யாரும் நிறுத்தவில்லை. விமானம் மேலெழும்பிச் சில நொடிகளில் விழுந்தது. மூன்று பணியாளர்களும் மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சென்ற இருவரும் இறந்தனர். பின்னர் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கப்டனிடம் 298 மில்லிகிராம் மது காணப்பட்டது. இறக்கைகளில் படிந்திருந்த பனியும் ஒரு காரணம். ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் அறிக்கை இன்னொன்றையும் காரணங்களில் சேர்த்து எழுதியது: கப்டன் பறக்க முற்பட்டதை ஏனைய பணியாளர்கள் தடுக்கவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்பதை இனி யாரும் அவர்களிடம் கேட்க முடியாது. ஆனால் நம் அனுபவத்தைக் கொண்டு ஊகிக்கலாம். அவர் மூத்தவர், தங்களுக்குப் பொறுப்பானவர். சந்தேகம் பிழையாகிவிட்டால் அவமானம், சரியாகிவிட்டால் ஒரு மனிதனின் தொழில் போய்விடும். இரண்டு பக்கமும் பாரம் என்பதால் வாய் திறப்பதில்லை. பாடசாலையில் மூத்த ஆசிரியர் ஒருவர் தவறு செய்யும்போது நாங்களும் இப்படித்தான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

அமெரிக்காவின் அனுபவம் இங்கேதான் பயன்படுகிறது. 1990 மார்ச் 8 ஆம் திகதி, நோர்த்வெஸ்ட் எயார்லைன்ஸின் போயிங் 727 விமானம் பார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்குப் பறந்தது. முந்திய இரவு அதன் மூன்று பணியாளர்களும் பக்கத்து ஊர் மதுச்சாலையில் வெகுநேரம் குடித்திருந்தனர். கப்டன் மட்டும் பதினைந்து கிளாசுக்குக் குறையாமல் றம் குடித்திருந்தார். யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். அதிகாரி ஒருவர் காலையில் வந்து கேட்டும் விமானம் புறப்பட்டுவிட்டது. பத்திரமாக இறங்கியதும் மூவரும் கைதானார்கள். கப்டன் லைல் ப்ரௌஸுக்கு 16 மாதமும் மற்ற இருவருக்கும் 12 மாதமும் சிறை.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதற்குப் பின்னர் நடந்தது நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ப்ரௌஸ் தான் ஒரு குடிநோயாளி என்பதை ஏற்றுக்கொண்டு சிகிச்சைக்குப் போனார். சிறை சென்றார். இரத்துச் செய்யப்பட்ட அனுமதிப்பத்திரங்களை ஆரம்பத்திலிருந்து மீண்டும் பெற்றார். அதே நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்தது. 1998 இல் போயிங் 747 கப்டனாக ஓய்வுபெற்றார். 2001 இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்பு வழங்கினார், தண்டனை கொடுத்த நீதிபதியும் அதை ஆதரித்தார்.

இதை நான் சொல்வது அவருக்குப் புகழ் பாட அல்ல. 1970 களின் நடுப்பகுதியிலிருந்தே அமெரிக்க விமானிகள் சங்கமும் அரசும் சேர்ந்து ‘ஹிம்ஸ்’ என்ற திட்டத்தை நடத்திவருகின்றன. குடிக்கு அடிமையான விமானியைச் சக விமானிகளே அடையாளங்கண்டு சிகிச்சைக்கு அனுப்புவார்கள். நீண்டகாலக் கண்காணிப்பின் கீழ், முழுமையாக விட்டவர் மட்டுமே மீண்டும் பறக்கலாம். ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். குடித்துவிட்டு விமானம் ஏறியவனை மன்னித்துவிடுவதா என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் வாய் திறக்க இதைவிட வேறு வழி தெரியவில்லை. சொன்னால் நண்பனின் வாழ்க்கை முடிந்துவிடும் என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் வைத்தியரிடம் போவான் என்றால் சொல்வார்கள். ஐரோப்பாவும் 2015 இல் ஜேர்மன்விங்ஸ் துணை விமானி ஒருவர் விமானத்தை மலையில் மோதி 150 பேர் இறந்ததன் பின்னர், சக விமானிகளின் உதவித் திட்டத்தை விமான சேவைகளுக்குக் கட்டாயமாக்கியது.

சோதனை வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து முடிவெடுக்க வேண்டாம். சோதனை வேண்டும், கண்டிப்பாக வேண்டும். 2018 நவம்பரில் டெல்லியிலிருந்து லண்டன் செல்லவிருந்த எயார் இந்தியா விமானத்தின் கப்டன் மூச்சுச் சோதனையில் தோற்றார். அவர் அந்த நிறுவனத்தின் செயற்பாட்டுப் பணிப்பாளர். மற்ற விமானிகளுக்கெல்லாம் மேலே இருந்தவர். பதவியைப் பார்க்காத ஓர் இயந்திரம் இல்லாதிருந்தால் அவரிடம் யார் ‘ஊதுங்கள் சேர்’ என்று சொல்லியிருப்பார்கள்?

ஆனால் இயந்திரத்தையும் மனிதன் ஏமாற்றுவான். ஹீத்ரோ துணை விமானி தன் நிறுவனத்தின் சோதனையைத் தாண்டித்தான் பஸ்ஸில் ஏறினார். வாய் கொப்பளிக்கும் மருந்தின் வாடை என்றும் சொல்லிப் பார்த்தார். அந்தச் சம்பவத்தின் பின் ஜப்பான் சட்டத்தையே மாற்றி, விமானிகளுக்கு மூச்சுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் அதே நிறுவனத்தின் விமானிகள் இருவர் முந்திய நாள் குடித்ததை மறைக்க முற்பட்டார்கள். விமானம் சுமார் மூன்று மணித்தியாலம் தாமதித்தது, பின்னர் இருவரும் வேலை இழந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து மறைத்தார்கள் என்பதை வகுப்பில் சொன்னபோது, அந்த மாணவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பயணியாகிய நமக்கு விமானி அறைக்குள் இடமில்லை. ஆனால் விமான நிலையத்திலோ, ஏறும் வாசலிலோ சீருடையில் தள்ளாடும் ஒருவரைக் கண்டால், கதவு மூடப்படும் முன் விமானப் பணிப்பெண்ணிடமோ அங்குள்ள அதிகாரியிடமோ அமைதியாகச் சொல்லலாம். வீடியோ எடுத்துப் போடுவதல்ல நான் சொல்வது. களைப்பும், நீரிழிவில் சர்க்கரை குறைவதும், தடிமல் மருந்தும்கூட ஒருவரைத் தள்ளாட வைக்கும். சந்தேகத்தை உரியவரிடம் சொன்னால் போதும், தீர்மானிக்க வேண்டியவர் அவர். பிழையானால் நமக்குச் சற்று வெட்கம், விமானத்துக்குச் சற்றுத் தாமதம்.

ஆங்கரேஜ் டெக்சி சாரதி அதைச் செய்தார். அவர் சொன்ன செய்தி ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே கடந்து நின்றுபோனது. 41 வருடங்களுக்குப் பிறகு லண்டனில் பஸ் சாரதி சொன்ன செய்தி பொலிஸ் வரை போய்ச் சேர்ந்தது.