தம்பி ஜொகூருக்கு வந்த வழி

'பாலூ தம்பி' என்ற தமிழ் எழுத்துரு பிறந்தது மும்பையில். ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவினர், 2010-களின் நடுவில், இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே சாயலில் ஒரு தலைப்பெழுத்து வரைய உட்கார்ந்தார்கள். மனத்தில் வைத்துக்கொண்டது ஒரு கரடியை. கிப்ளிங்கின் காட்டுக்கதையில் மோக்லிக்குப் பாடம் சொல்லித்தரும் அதே பாலூ. தேவநாகரிக்கு வரைந்தது பாலூ என்றே நின்றது. மற்றவற்றுக்கு அந்தந்த ஊர் உறவுமுறை: குஜராத்திக்கு பாய், பஞ்சாபிக்கு பாஜி, தெலுங்குக்குத் தம்முடு, மலையாளத்துக்குச் சேட்டன், உருதுவுக்கு பாய்ஜான். தமிழை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். நமக்கு அண்ணன் வராமல் தம்பி வந்ததும் நல்லதுதான். இந்த எழுத்தைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றாது, தோளில் கை போடத்தான் தோன்றும்.

தமிழை இவ்வளவு தடிமனாக வரைவது லேசுப்பட்ட வேலையல்ல. நம் எழுத்துகள் ஏற்கெனவே சுழிகளால் ஆனவை. 'ஐ', 'ணை', 'ஞு', 'ழூ' போன்றவற்றில் கோட்டைப் பெருக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும்; பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மைக்கறை. உகர, ஊகார வரிசையில் தொல்லை இன்னும் அதிகம். கு, சு, டு, து என்று ஒவ்வொன்றுக்கும் தனி உருவம், ஆகவே ஒரே கொக்கியை எல்லாவற்றிலும் மாட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. அந்தக் காலத்துப் பலகை ஓவியர் தூரிகையை எங்கே அழுத்துவது, எங்கே தூக்குவது என்று கையாலேயே கணக்குப் போட்டார். தம்பியில் அந்தக் கணக்கு தெரிகிறது. கோடு ஏறக்குறைய ஒரே கனத்தில் ஓடுகிறது, மூலைகள் குத்துவதில்லை, சுழிகளுக்குள் வெளிச்சம் மிச்சமிருக்கிறது.

அவன் கடல் தாண்டியது எளிதாக நடந்தது. கூகுள் எழுத்துரு நூலகத்தில் திறந்த உரிமத்தோடு வைத்தார்கள். யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், மாற்றியும் வரையலாம், தனியே விலைக்கு விற்கத்தான் கூடாது. ஆனால் அவன் நடந்து வந்த பாதையைப் போட்டதில் மலேசியர் ஒருவருக்கும் பங்குண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தந்தார். கணினியில் தமிழ் இங்கே அப்படித்தான் வேரூன்றியது. அப்புறமும் பல ஆண்டுகள் ஆளுக்கொரு குறியீட்டு முறை. வீட்டுக் கணினியில் அடித்த கோவில் திருவிழா அறிக்கை அச்சகத்தில் திறந்தால் கட்டமும் கோணல் குறியுமாக நிற்கும். எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு நிலைத்த பிறகு பிறந்ததால் தம்பிக்கு அந்தப் பாடு இல்லை.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் 70 தமிழ்ப்பள்ளிகள். கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தின் வழியாக ஆசிரியர்களுக்குக் கூகுள் கணக்கு உண்டு. கூகுள் ஆவணத்தில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் தம்பி அங்கே இருக்கிறான். தலைப்பு அட்டைக்கும் பொங்கல் விழாப் பதாகைக்கும் ஓவியரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இங்கே அவனுக்கு மும்பையில் யாரும் எதிர்பார்த்திராத ஒரு வேலையும் கிடைத்தது. விளம்பரப் பலகைகளில் தேசிய மொழிக்கு முதலிடம் தர வேண்டும் என்பது நம் நகராட்சிகளின் விதி. ஆகவே பதாகையில் மேலே 'ஹாரி சுக்கான்', கீழே 'விளையாட்டு விழா'. மலாயைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தானே எழுதுகிறோம்? தம்பியோடு கூடவே ரோமன் எழுத்தும் அதே கனத்தில், அதே குணத்தில் வரையப்பட்டிருக்கிறது. மெலிந்த மலாய் ஒருபக்கம், பருத்த தமிழ் ஒருபக்கம் என்று இரண்டு பேர் எழுதியதுபோல் தெரியும் பதாகைகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் தம்பிக்கு இடம் நிறைய வேண்டும். 'ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான திருக்குறள் மனனப் போட்டி' என்ற வரியை அவனிடம் கொடுத்தால் துணியின் பாதி அகலத்திலேயே மூச்சு முட்டும். உடனே மவுஸால் பக்கவாட்டில் நெருக்குவார்கள். அதைவிடக் கொடுமை இல்லை. நெட்டுக் கோடு மெலிந்து, படுக்கைக் கோடு மட்டும் பருத்து, குண்டன் சப்பையாகிவிடுவான். இதற்குக் கைகொடுக்க, பின்னால் வந்த 'பாலூ தம்பி 2'-இல் ஐந்து கனங்கள் இருக்கின்றன. நீண்ட வரிக்கு மெலிந்த கனம், 'பொங்கலோ பொங்கல்' என்பதற்குப் பருத்த கனம். இறப்பு அறிவிப்புக்கும் கருமகிரியைக்கும் எந்தக் கனமும் வேண்டாம். அதற்கு அதே ஏக் டைப்பின் 'முக்த மலர்' அடக்கமாக இருக்கும். கையெழுத்துச் சாயல்தான் வேண்டும் என்றால் இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவாணர்' இருக்கிறது. சாய்ந்து நடக்கும் எழுத்து, அழைப்பிதழுக்கு அழகு. பதாகைக்கு அது போதாது.

ஜொகூர் பாருவின் பெயர்ப்பலகைகள் பலவற்றில், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும் உண்டு. அதற்குத் தம்பியின் அண்ணன் பாய்ஜானை அழைக்கலாமே என்று தோன்றும். அவன் உருதுவுக்காக வரையப்பட்டவன். ஜாவியில் 'ங', 'ஞ' ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இருக்கின்றன. அச்சகத்துக்கு அனுப்பும் முன் அவற்றை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துவிட வேண்டும்.