ஏரி ஜில்லாவில் மூணு மைக்ரான்

பிள்ளைப்பாக்கம் இப்போ காஞ்சிபுரம் மாவட்டம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா, அதனால நம்ம எல்லைக்குள்ளதான் வருது. 2024 ஜனவரியில் இங்கே ஃபர்ஸ்ட் சோலார் ஆலை திறந்தாங்க. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்கு மெல்படல சோலார் பேனல்கள்.

சாதாரண பேனலில் சிலிக்கான் வில்லை சுமார் 150 மைக்ரான் தடிமன். இதில் கண்ணாடி மேல் படியும் காட்மியம் டெலுரைடு மூணு மைக்ரான் அளவுதான். இதைத் தொழிலாக்கினவர் ஒரு கண்ணாடிக்காரர்: அமெரிக்காவின் டொலீடோ ஊரைச் சேர்ந்த ஹெரால்ட் மெக்மாஸ்டர். 1980களில் அமார்ஃபஸ் சிலிக்கானில் இறங்கி, 1990 வாக்கில் காட்மியம் டெலுரைடுக்கு மாறினார். 1999இல் கம்பெனி கைமாறி ஃபர்ஸ்ட் சோலார் ஆச்சு.

1972இல் ஜெர்மனியில் பானெட்டும் ராபென்ஹார்ஸ்டும் செய்த செல்லின் திறன் சுமார் 6%. இன்னைக்கு ஆய்வகச் சாதனை 23%. நடுவில் வந்த பெரிய தாவல் ஒரு சமையல் பக்குவம் மாதிரி: படலத்தின் மேல் காட்மியம் குளோரைடு போட்டு 400 டிகிரி அளவில் சூடாக்கணும். ஏன் வேலை செய்யுதுன்னு சரியா புரியாமலே பல வருஷம் செஞ்சாங்க. குளோரின் படிகத் துகள்களின் எல்லைகளில் போய்ச் சேருதுன்னு பிறகுதான் நுண்ணோக்கியில் தெரிஞ்சுது. அப்புறம் செலினியம் கலந்தாங்க. செம்பு இருந்த இடத்துக்கு ஆர்செனிக் வந்தது.

என்னைக் கேட்டா, இந்த ஊருக்கு முக்கியமான விஷயம் தண்ணிதான். 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதியே இருக்கு. அப்படிப்பட்ட ஜில்லாவில் இன்னைக்கு மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி சென்னைக்கு அனுப்புறோம். பிள்ளைப்பாக்கம் ஆலை ஏரியையும் போர்வெல்லையும் நம்பாம, சென்னையின் சாக்கடை நீரை மூணாம் கட்டம் வரை சுத்திகரித்து வாங்குது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடுறதில்லைன்னு கம்பெனி சொல்லுது.

நல்ல ஏற்பாடு. ஆனா காட்மியம் நஞ்சு. கம்பெனி வாய்மொழி மட்டும் போதாது. பிள்ளைப்பாக்கம் ஏரியில் காட்மியம் அளவை வருஷா வருஷம் எடுத்து, ஊர்க்காரங்க படிக்கிற மாதிரி தமிழில் வெளியிடணும். ஆலை வர்றதுக்கு முன்னாடி, 2021க்கு முந்தைய நீர்ப் பரிசோதனை முடிவுகள் யாரிடமாவது இருந்தா அனுப்புங்க. ஒப்பிட அதுதான் வேணும்.