வாயோரம் துடிப்பது ஏன்?

உறையூரிலிருந்து வரும் என் மாணவர் ஒருவர், தேர்வு நெருங்கிய நாளில் என்னிடம் வந்தார். "சார், மூன்று நாளாக உதட்டோரம் தானாகத் துடிக்கிறது. நல்லதற்கில்லை என்று பாட்டி சொல்கிறார்கள்" என்றார். உங்கள் வீட்டிலும் இத்தகைய பேச்சைக் கேட்டிருப்பீர்கள்.

இந்த நம்பிக்கை மிகப் பழையது. இந்திரவிழாவின் முடிவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பெண்களுக்கு இடப்புறம் துடித்தால் நன்மை என்பது அக்கால எண்ணம். கண்ணகியிடம் கணவன் திரும்பியது உண்மையே. ஆனால் இருவரும் உறையூர் வழியாக நடந்த அந்தப் பயணம் மதுரையில் எப்படி முடிந்தது என்பதை நாம் அறிவோம்!

துடிப்புக்கு உடலிலேயே காரணம் தேடிய கதை, 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோக்னா நகரில் ஒரு புதுத் திருப்பம் கண்டது. இறந்த தவளையின் கால் நரம்பைக் கத்தி தொட்டிருந்தது. அருகிலிருந்த மின் எந்திரத்தில் பொறி எழுந்தது. உடனே தவளையின் கால் வெட்டி இழுத்தது! உயிரினத்துக்குள்ளேயே மின்சாரம் உண்டு என்று லூயிஜி கால்வானி 1791இல் எழுதினார். வோல்ட்டா இதை மறுத்தார். கால்வானியின் சில சோதனைகளில் மின்சாரம் பிறந்தது தவளையில் அன்று, அதைத் தொட்ட இருவேறு உலோகங்களில்தான் என்றார். அந்த வாதத்தின் பயனாக 1800இல் மின்கல அடுக்கு பிறந்தது. பிற்கால ஆய்வுகள் இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்று காட்டின.

முகத்தை அசைக்கும் நரம்பு எது என்பதை 1821இல் சார்லஸ் பெல் விளக்கினார். பிரான்சு நாட்டு மருத்துவர் துஷேன், முகத் தசைகளில் மின்சாரம் செலுத்தி, அவை சுருங்குவதைப் புகைப்படங்களாக்கி 1862இல் வெளியிட்டார். வாயோரத்தை இழுப்பது எந்தத் தசை என்பதை அப்படங்களில் காணலாம்.

இன்று நாம் அறிந்தது இதுதான். ஓய்வில் இருக்கும் நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால் மின் துடிப்பு ஓடுகிறது, தசை சுருங்குகிறது. மூளை கட்டளையிடாமலே ஓர் இழை இவ்வாறு கிளர்ந்தால், தோலுக்கடியில் புழு நெளிவது போலிருக்கும்.

அது ஏன் கிளர்கிறது? தூக்கமின்மை, களைப்பு, மனக்கவலை, அளவுக்கு மீறிய காப்பி, தேநீர் ஆகியவை பொதுவான காரணங்கள். இவற்றால் வரும் துடிப்பு பெரும்பாலும் தானே அடங்கிவிடும். சில மருந்துகளாலும் துடிப்பு வரலாம்.

இரத்தத்தில் கால்சியம் குறைந்தாலும் நரம்பு எளிதில் கிளரும். அத்தகையவருக்குக் காதின் முன்புறம் விரலால் தட்டினால் வாயோரம் துடிப்பதை, ஆஸ்திரிய மருத்துவர் குவாஸ்டெக் 1876இல் குறிப்பிட்டார். நலமாயிருக்கும் சிலருக்கும் இது நிகழ்வதால், முடிவு சொல்வது இரத்தப் பரிசோதனையே. தைராய்டு அறுவைக்குப் பின் உதட்டைச் சுற்றி மரமரப்பும் துடிப்பும் வந்தால் தாமதிக்கக் கூடாது.

மற்றொன்று, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் நோய். பெரும்பாலும் கண்ணிமையில் தொடங்கி, நாளடைவில் வாய்க்கு இறங்கும். மூளைத்தண்டருகே ஓர் இரத்தக்குழாய் முகநரம்பை ஓயாமல் அழுத்துவதே இதற்கு வழக்கமான காரணம். உறை தேய்ந்த மின்கம்பியில் மின்சாரம் கசிவது போல, ஓர் இழையின் துடிப்பு அடுத்ததற்குத் தாவுகிறது. குழாய்க்கும் நரம்புக்கும் இடையே சிறு மெத்தை வைக்கும் அறுவை முறையை அமெரிக்கரான பீட்டர் ஜனெட்டா 1960களிலிருந்து வளர்த்தார். தசையைத் தளர்த்தும் ஊசியும் உண்டு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வாய் ஒரு பக்கம் திடீரெனக் கோணினால், பேச்சு குழறினால், கை வலுவிழந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். பஞ்சாங்கம் பார்க்க நேரமில்லை. அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் மாணவரிடம், "இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?" என்று கேட்டேன். "இரண்டு மணிக்கு, சார். ஐந்தாறு டீ ஆகிவிடும்" என்றார். டீயைக் குறைத்துத் தூங்கச் சொன்னேன்; இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். தேர்வு முடிவதற்குள் துடிப்பு நின்றுவிட்டது. பாட்டி அதைக் கவனித்துச் சொன்னது நல்லதே. காரணத்தைத்தான் நாம் வேறிடத்தில் தேட வேண்டும்.