குறட்டையும் கீழ்த்தாடையும் - ஒரு நூறு வருஷக் கதை

பி.காம் படிக்கிற பயலுக்கு பல் வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. முத்துக்குளித்தல் கடைசியாக நடந்தது 1961ல். காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிஷம் போல மூச்சை அடக்கி, சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார்கள். தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுப்பார். கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்கணும், அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

குளிப்பவர் மூச்சை நிறுத்துவது தெரிந்தே செய்வது. ஆனால் தினமும் ராத்திரி, தெரியாமலே மூச்சை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்று போகும் வழி அடைபடுகிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கும் மேல். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்பும், ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். காலையில் எதுவும் நினைவிருக்காது. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ரத்த அழுத்தம், இருதய நோய், பகலில் தூக்கம் எல்லாம் இதோடு சேர்ந்தே வரும்.

இதற்கான மருந்து கீழ்த்தாடையில் இருக்கிறது என்பதை முதலில் கவனித்தவர்கள் தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் இல்லை. குளோரோபார்ம் கொடுத்து ஆபரேஷன் செய்தவர்கள்! மயக்கத்தில் நாக்கு சரிந்து மூச்சு அடைத்தால் கீழ்த்தாடையை முன்னால் தள்ளினால் போதும் என்று 1870களில் ஹைபெர்க், எஸ்மார்க் என்ற இருவர் எழுதினார்கள். நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கிறது; தாடை முன்னே வந்தால் நாக்கும் வரும். முதலுதவி வகுப்பில் இன்றைக்கும் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

அடுத்தவர் பாரிஸ் நகரத்து வாய்நோய் மருத்துவர் பியேர் ரோபன். தாடை சிறுத்துப் பிறக்கும் குழந்தைகள் நாக்கு பின்னால் விழுந்து மூச்சுத் திணறுவதை 1923ல் விவரித்தார். அந்தக் குறைபாட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். அதற்கு முன்பே, 1902ல், தாடையை முன்னால் நிறுத்த 'மோனோபிளாக்' என்ற கருவியைச் செய்திருந்தார். இன்று வாயில் மாட்டும் ஆப்னியா கருவிகளுக்கெல்லாம் அதுதான் தாத்தா.

சரி, அப்புறம் ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் இது பெரியவர்களின் குறட்டைக்குப் பயன்படவில்லை? குறட்டை ஒரு நோய் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். பல் டாக்டர் பகலில் பல்லைப் பார்த்தார். மற்ற டாக்டர்களும் பகலில்தான் நோயாளியைப் பார்த்தார்கள். ராத்திரியை யாரும் பார்க்கவில்லை. 1965ல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தூங்குபவர்களின் மூச்சைப் பதிவு செய்து, அது நின்று நின்று வருவதைக் கண்டார்கள். 1970களில் கடுமையான நோயாளிக்கு இருந்த வழி, கழுத்தில் துளை போடுவது!

1981ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன், மூக்கு வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் சி-பாப் கருவியைக் கொண்டுவந்தார். 1982ல் அமெரிக்காவில் கார்ட்ரைட், சாமல்சன் இருவரும் நாக்கை உறிஞ்சிப் பிடித்து முன்னால் நிறுத்தும் கருவியின் முடிவுகளை வெளியிட்டார்கள். 1984ல் ஜெர்மனியில் மையர்-எவர்ட் குழுவினர் கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் கருவியைப் பரிசோதித்தார்கள். அங்கே அதற்கு எஸ்மார்க்கின் பெயரே வழங்கியது. ஆபரேஷன் மேஜையில் கை செய்த வேலையைப் படுக்கையில் பிளாஸ்டிக் செய்தது.

எது நல்லது, சி-பாப்பா வாய்க்கருவியா? இங்கேதான் காமர்ஸ் மூளை வேலை செய்தது. :-) மூச்சு அடைப்பைக் குறைப்பதில் சி-பாப்தான் மேல். ஆனால் 2013ல் சிட்னி ஆய்வு ஒன்றில் 126 பேரை இரண்டையும் ஒரு மாதம் வீதம் பயன்படுத்த வைத்தார்கள். சி-பாப்பை ராத்திரிக்குச் சுமார் 5.2 மணி நேரம் மாட்டினார்கள், வாய்க்கருவியை 6.5 மணி நேரம். கடைசியில் பகல் தூக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. எவ்வளவு நல்ல சரக்கானாலும் குடோனிலேயே கிடந்தால் லாபம் ஏது?

இந்தியாவில் 2014ல் வெளியான மருத்துவ வழிகாட்டுதலும், லேசான, நடுத்தர ஆப்னியா உள்ளவர்கள் விரும்பினாலோ சி-பாப் ஒத்துவராவிட்டாலோ வாய்க்கருவி தரலாம் என்கிறது. ஆனால் நோயை உறுதி செய்ய வேண்டியது தூக்கப் பரிசோதனை, பல் டாக்டர் இல்லை. கருவியைப் பிடிக்க வாயில் போதுமான பற்கள் இருக்கணும். எச்சில் ஊறுவது, தாடை மூட்டு வலி, வருஷக்கணக்கில் பல் வரிசை கொஞ்சம் நகர்வது எல்லாம் உண்டு.

இப்போது காரணம். அப்பா லாரி டிரைவர். துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் ஓட்டுகிறவர். அவர் குறட்டையைக் கேட்டு ஆச்சி, "எம்புள்ள அசந்து தூங்குதான்" என்று சந்தோஷப்படுவாள். ஒருநாள் விடியற்காலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்து, லாரி ரோட்டோரத்து மணலில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. பரிசோதனையில் மணிக்கு 22 தடவை என்று வந்தது. பாதி ராத்திரிகள் கேபினிலேயே தூங்குகிறவர், சி-பாப்புக்குக் கரண்டுக்கு எங்கே போவார்? டாக்டர் எழுதிக்கொடுக்க, பல் டாக்டர் அளவெடுத்து ஒரு கருவி செய்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தபோது 7. லேசாக இன்னும் இருக்கிறது. ஆனால் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போகிறார்.

அத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம். உங்கள் வீட்டில் குறட்டை சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திணறலோடு திரும்பினால், அசந்த தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். தூங்குகிறவருக்குத் தெரியாது. கயிறு உங்கள் கையில்தான் இருக்கிறது.